மாமா, மருமகன், ஒரு சோம்பேறிக் கிருமி

மானிப்பாயில தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பிச்ச டொக்டர் கிறீன் 1873இல அமெரிக்காவுக்கு மூட்டை கட்டினார். அதே வருஷம் நோர்வேயில ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சார். நோர்வே எண்டால் எங்களுக்குச் சமாதானத் தூதுவர்தான் ஞாபகம். ஹன்சனுக்கோ வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி!

மாமனார் டானியல்சன் பெரிய டொக்டர். இது பரம்பரை வருத்தம், தொத்தாது எண்டது அவற்ற கட்சி. நோயாளியின்ர புண்ணில எடுத்ததைத் தன்ர உடம்பிலேயே ஏத்திப் பாத்தார். ஒண்டும் வரேல்லை. மாமாவுக்கு ஒரு வோட்டு.

மருமகன் முயலுக்கு ஏத்தினார். முயல் இலை திண்டுகொண்டு சுகமா இருந்தது.

1879இல ஜெர்மனியிலயிருந்து நைசர் எண்ட இளந்தாரி விருந்தாளியா வந்தார். ஹன்சன் மாதிரிகளை அள்ளிக் குடுத்தார். அவர் கொண்டுபோய்ச் சாயம் போட்டு, கிருமியைத் தானே கண்ட மாதிரி எழுதிப்போட்டார். நோட்ஸ் கொப்பியை இரவல் குடுக்க, வாங்கினவன் மாவட்டத்தில முதலாம் பிள்ளையா வந்தால் எப்பிடி இருக்கும்!

அந்தப் பதற்றமோ என்னவோ, ஹன்சன் ஒரு நோயாளிப் பெண்ணின்ர கண்ணில, கேக்காமலே, கத்தியால கீறிக் கிருமி ஏத்தினார். அந்த மனுசி முறையிட்டாள். இந்தக் கதையில நிதானமா நடந்த ஒரே ஆள் அவள்தான். 1880இல கோடு ஹன்சன்ர ஆஸ்பத்திரி வேலையைப் பறிச்சது. நாட்டின் தொழுநோய்த் தலைமை அதிகாரிப் பதவி மட்டும் அப்பிடியே கிடந்தது. அரசாங்க உத்தியோகம் எண்டால் சும்மாவே?

மாமாவிலும் முயலிலும் ஒண்டும் வராததுக்கு, உண்மையில பிழை கிருமியில. வயித்துக் கிருமி இருபது நிமிசத்தில இரட்டிக்கும்; இது பன்னிரண்டு, பதினாலு நாள் எடுக்கும். அதோட குளிர்ச்சியான இடமும் வேணுமாம். 1960இல ஷெப்பர்ட் அதை எலியின்ர உள்ளங்காலில வளர்த்தார். 1971இல கிர்ச்ஹைமரும் ஸ்டோர்ஸும் ஆர்மடில்லோவில வெண்டினம். பாத்தால் எங்கட அழுங்கின்ர ஒண்டுவிட்ட தம்பி மாதிரி. சொந்தம் ஒண்டும் இல்லை. ஆர்மடில்லோவின்ர உடம்புச் சூடு 32 முதல் 35 பாகைதான். ஏசி அறையே கிடைச்ச மாதிரி, கிருமி கோடிக்கணக்கில பெருகிச்சு.

அதைக் கொண்டு, பிசிஜியோட சேர்த்து, தடுப்பூசி செய்தாங்கள். 1991இல செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கின பரிசோதனையில 1,71,400 பேர். ஆர்மடில்லோ ஊசிக்கு 64 வீதம் பாதுகாப்பு. சபாஷ்! ஆனால் அந்தப் பிராணியே தேவைப்படாத, பம்பாயில செய்த இன்னொரு தடுப்பூசிக்கு 65.5.

உங்கட சட்டைக் கையை மடிச்சுப் பாருங்கோ. இடது தோளில, பிறந்த கையோட காசநோய்க்கெண்டு போட்ட பிசிஜித் தழும்பு கிடக்கும். அதே பரிசோதனையில அது தனிய 34.1 வீதம் எடுத்தது, ஒருத்தரும் ரியூசனுக்கு அனுப்பாமலே.