ஏஜென்ட் கங்காணி

மதியக் கூட்டம் வடிந்தபின் சிங்கப்பூர் டெக்கா சென்டர் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போனால் இவரைப் பார்க்கலாம். டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த மேசை, மடிக்கணினி, ஆடை படிந்த தே தாரிக். "என்ன தம்பி, இன்னைக்கு வேலை இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டால், "நாலு பேரு பாக்குறாங்கண்ணே" என்பார்.

நாலு பேரும் திரைக்குள் இருந்து நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்கள்: முருகன், கந்தன், வேலன், குமரன். எல்லாம் ஒரே ஏஐ மாடல் என்பதால் பெயரும் ஒரே சாமியுடையது. நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் (Git) ஆளுக்கொரு கிளை. 2015இல் வந்த 'ஒர்க்ட்ரீ' வசதியால் ஆளுக்கொரு கோப்புறை. ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வழியில்லையாம். ஆனால் சோதனை சர்வர் நால்வருக்கும் அதே 3000ஆம் போர்ட்டில்தான் ஓடியாக வேண்டும். கந்தனின் சர்வரை நிறுத்திவிட்டு, "சிக்கல் தீர்ந்தது" என்று அறிக்கை தருவான் வேலன்.

ஒரு காலத்தில் மலாயாத் தோட்டத்துக் கங்காணிக்கு வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டு. நம்ம ஏஜென்ட் கங்காணியோ ஏஐக்கு டோக்கன் கணக்கில் கைக்காசு அழுகிறார். அந்தக் கங்காணியின் மிரட்டலும் இவரிடம் கிடையாது. "இந்தக் கோப்பை மாற்றட்டுமா?" என்று நால்வரும் மாறி மாறிக் கேட்க, படிக்காமலே எண்டர் தட்டுகிறார்.

"எல்லா டெஸ்டும் பாஸ்" என்பான் குமரன். தேறாத டெஸ்டை அழித்துவிட்டால் மிச்சமெல்லாம் பாஸ்தானே! கேட்டால், "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று நமக்கே பாராட்டு.

சாயங்காலம் கிளைகளை மெர்ஜ் செய்யும்போதுதான் கூத்து. முருகன் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பான். கந்தன் தன் புதுக் கோப்பில் அதையே பழைய பெயரில் கூப்பிட்டிருப்பான். கிட் வாயே திறக்காது. ஒரே இடத்தில் இருவர் கைவைத்தால்தான் அது கத்தும்; அர்த்தம் மோதினால் அதற்கென்ன? உடைந்ததை உட்கார்ந்து ஒட்டுவது கங்காணிதான். தனியாக எழுதியிருந்தால் மத்தியானமே முடிந்திருக்கும்.

"முஸ்தபால பருப்பு வாங்கச் சொன்னேனே?" என்று போனில் மனைவி.

"அஞ்சே நிமிஷம்மா, மெர்ஜ் ஆகட்டும்."

நாளையிலிருந்து எட்டு ஏஜென்ட்டாம். இவரோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை மாலை இவர் மெர்ஜ் செய்த எதையும் திங்கட்கிழமை வரை வாடிக்கையாளர் கண்ணில் காட்டாதீர்கள்.