எல்.சி.எம். அண்ணன்

மாவட்ட மைய நூலகம் உள்ள ஊர் எதுவானாலும், போட்டித் தேர்வுப் பிரிவில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் பட்டா மாறாது. சட்டைப் பையில் கருப்பு பால்பாயிண்ட் பேனா இருக்கும். பழைய மாதிரி வினாத்தாள்களின் பின்பக்கம் தெரியும்படி தைத்த ரஃப் நோட்டு மேஜையில் இருக்கும், அது பறக்காமலிருக்க மேலே ஒரு தண்ணீர் பாட்டில். முப்பதைத் தாண்டியாயிற்று. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத வரும் பிள்ளைகளுக்கு அவர் எல்.சி.எம். அண்ணன்.

பெயர் வரக் காரணம், காலமும் வேலையும் கணக்கு. எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அதே கணக்குதான். அப்போது ஒதுக்கிவிட்டு வந்தவர்களையெல்லாம் குரூப் 4 தாளில் வழிமறித்துப் பழைய பாக்கியைக் கேட்கும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் திறனறிவுக்கு 25 கேள்வி. ஒரு கேள்வி போனால் ஒன்றரை மார்க், ஒன்றரை மார்க் போனால் கட் ஆஃப் போச்சு.

"அண்ணே, ஏ 12 நாள்ல முடிப்பாரு, பி 18 நாள்ல முடிப்பாரு. சேர்ந்து செஞ்சா?" என்று புதிதாக வந்த பெண் நோட்டை நீட்டுவாள். அதில் 1/12, 1/18 என்று எழுதியிருப்பாள். அண்ணனுக்குப் பின்னம் ஆகாது.

"பின்னம் போட்டா பின்னாலதான் நிப்பம்மா. 12-க்கும் 18-க்கும் எல்.சி.எம். எவ்வளவு? 36. அதுதான் மொத்த வேலை. 36 செங்கல்னு வச்சுக்க. ஏ ஒரு நாளைக்கு 3 கல்லு, பி 2 கல்லு. சேர்ந்தா 5. வகுத்துப் பாரு, ஏழும் அஞ்சுல ஒண்ணும். அவ்வளவுதான்!"

பேனா மூடியைத் திறந்த கையோடு கணக்கு முடிந்துவிடும். ஆள், நாள், மணி என்று மூன்றும் கலந்து வந்தால் "எம் ஒன் டி ஒன் எச் ஒன்" என்று சஷ்டி கவசம் போலச் சொல்லிக்கொண்டே போட்டுவிடுவார். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கென்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. அதைக் கருப்பாக்குகிறவர்களை அண்ணன் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. "என் வாழ்நாள்ல அந்த வட்டத்துல பேனா வச்சதில்ல" என்பார்.

தொட்டி, குழாய் என்று ஆரம்பித்துவிட்டால் வரலாறும் வரும். 1150-ல் பாஸ்கராச்சாரியர் எழுதிய லீலாவதியிலேயே இது இருக்கிறதாம். நான்கு ஊற்றுகள், தனித்தனியே விட்டால் குளத்தை நிரப்ப ஒரு நாள், அரை நாள், மூன்றிலொரு நாள், ஆறிலொரு நாள் ஆகும். நான்கையும் சேர்த்துத் திறந்தால்? "ஒரு நாளைக்கு 1, 2, 3, 6 குளம், ஆகமொத்தம் 12 குளம். அப்போ ஒரு குளத்துக்கு ரெண்டு மணி நேரம்!" என்று முடித்துவிட்டுக் கை கழுவப் போவார். நூலகக் குழாயில் காற்று மட்டும் வரும்.

நோட்டுக்குள் இருக்கும் ஆட்கள் தங்கமானவர்கள். காய்ச்சல் வராது, சம்பளப் பாக்கி கேட்கமாட்டார்கள், மச்சினன் கல்யாணம் என்று கிளம்பமாட்டார்கள். 'வேலை முடிய 3 நாட்களுக்கு முன் பி விலகிவிடுகிறார்' என்று வரும். ஏன் விலகினார் என்று கேள்வியும் சொல்லாது, அண்ணனும் கேட்கமாட்டார். வெளியே உள்ளவர்களும் அப்படித்தான் என்று நம்புவதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு.

அக்கா வீட்டுக்கு மாடி எடுத்தபோது அது வெளியே வந்தது. ஆறு பேரை வைத்து 30 நாள் ஆகும் என்றார் மேஸ்திரி. அண்ணனுக்குக் கை துறுதுறுத்தது.

"எதிர் மாறல் மேஸ்திரி. ஆளை ரெட்டிப்பாக்குங்க, நாள் பாதியாயிரும். 12 பேர், 15 நாள்."

மேஸ்திரி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "ஆளு வேணா அம்பது பேரை எறக்குறேன் தம்பி. கான்கிரீட்டு செட்டாகணுமே? அதுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க, நாளைக்கே சென்ட்ரிங்கைப் பிரிச்சிருவோம்."

அண்ணன் அசரவில்லை. 4 ஆண்கள் செய்யும் வேலையை 6 பெண்கள் செய்வதாகப் புத்தகத்தில் வருவதை எடுத்துச் சொன்னார். கலவைச் சட்டியை இறக்கிவைத்த சித்தாள் அக்கா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். "அதை எழுதுன மகராசனை இங்க கூட்டிட்டு வா தம்பி. இந்த நாலு பேரும் பீடி பத்தவைக்காம ஒரு மணி நேரம் நிக்கட்டும், பொறவு நாங்க ஆறு பேரா மூணு பேரான்னு அவரே சொல்லட்டும்." கொத்தனார்கள் மும்முரமாகச் சுவரைப் பார்த்தார்கள்.

எதிர் மாறலை இவ்வளவு நம்புகிற அண்ணன், அது செல்லுபடியாகாத இடத்தில்தான் குடியிருக்கிறார் என்பது வேடிக்கை. ஆள் கூடினால் நாள் குறையும் என்பது புத்தகம். குரூப் 4-ல் ஆள் கூடினால் கட் ஆஃப் கூடும், கட் ஆஃப் கூடினால் நாளும் கூடும். 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இடத்துக்கு 300 பேர். அந்த 300 பேரில் நாலைந்து பேருக்காவது அண்ணன்தான் சம்பளம் வாங்காமல் ஷார்ட்கட் சொல்லிக்கொடுத்திருப்பார். ஒரு பக்கம் தன் தொட்டியை நிரப்புவார், மறுபக்கம் அடியில் உள்ள குழாயைத் தானே திறந்துவிடுவார். தம்பிகள் இதைச் சொல்லிக் காட்டினால், "வர்றவனுக்கு வரும்டா. அடுத்த கணக்கைப் படி" என்பார். படிப்பார்கள். அவரவர் பங்குக்குக் கட் ஆஃப் இன்னும் கொஞ்சம் ஏறும்.

அப்படி ஏறிப்போன தம்பிகளில் ஒருவன் வி.ஏ.ஓ. ஆனான். ஸ்வீட் பாக்ஸோடு நூலகத்துக்கு வந்து, வாசலிலேயே அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஒரு வாரத்துக்கு அண்ணன் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை.

பிறகு அக்கா மகளின் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டது. இ-சேவை மையத்தில் பதிந்தாயிற்று. அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேற வேண்டும். முதல் படியில் இருப்பது நம் தம்பி. அண்ணன் நேரிலேயே போனார்.

"அண்ணே! உங்களுக்கு இல்லாததா? ரெண்டே நாள்."

ரெண்டு நாள் கழித்துப் போனால் ஜமாபந்தி. அடுத்துப் போனால் வாக்காளர் பட்டியல் வேலை. அதற்கடுத்து சர்வர் படுத்துவிட்டது. தம்பி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தான்.

டீக்கடையில் பிள்ளைகள் விஷயத்தைக் கறந்துவிட்டார்கள். ஒருவன் வேண்டுமென்றே நோட்டைத் திறந்தான். "அண்ணே, ஒரு கணக்கு. வேலை ஒண்ணு, ஒப்புதல் கொடுக்கணும். ஆளு ஒருத்தரு. அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. எத்தனை நாள்ல முடியும்?"

அண்ணன் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். எல்.சி.எம். எதற்கு எடுப்பது என்று பிடிபடவில்லை.

"அஞ்சாவது வட்டம்டா" என்றார்.