அப்பாயியின் சம்பளம்

எங்கள் குடும்பக் கடையின் மெனு அட்டையைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க அப்பாயிதான். கீழே 'பாட்டியின் கைப்பக்குவம்' என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறது. அது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அவள் தனியாக நின்ற படம் வேறு கிடையாது. போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்த முகத்தில் கம்ப்யூட்டர் பையன்கள் ஒரு புன்னகையைப் பூசி, கையில் கரண்டியும் கொடுத்திருக்கிறார்கள். இடது கையில். அந்தக் கையால் கரண்டியைத் தொட்ட மருமகள்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை என் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

1950-களின் தொடக்கத்தில், கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவள். செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்து, பிறகுதான் சிங்கப்பூருக்குள் விட்டார்கள். தேக்காவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் (பெயரைச் சொன்னால் சின்னப்பா கோவித்துக்கொள்வார்) தாத்தா நாலு பெஞ்சு போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வந்த மறுநாளே அப்பாயி அடுப்படிக்குள் போனாள். அவள் வெளியே வந்ததை அதிகம் பேர் பார்த்ததில்லை.

உரிமம் தாத்தா பெயரில். பலகையில் முருகன் பெயர். தேக்காவில் பலகைக்குப் பெண் பெயர் ஆகாது என்றில்லை. 1947-இல் முருகையா ராஜு தொடங்கிய கோமள விலாஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம், "யாருடி அந்தக் கோமளம்? குடுத்துவச்சவ" என்று என் அம்மாவிடம் கேட்பாளாம்.

கல்லாவில் வெள்ளைச் சட்டையோடு தாத்தா இருப்பார். கணக்கு மட்டும் உள்ளே இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் தெருக்கூட்டியவர்களும் மாதக் கணக்கில் சாப்பிட்ட கடை அது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அடுப்படிச் சுவரில் ஆளுக்கு ஒரு வரிசையாகக் கரிக்கோடு போடுவாள். மீன் சாப்பிட்டால் குறுக்கே ஒரு கோடு. யாருடைய வரிசை எது என்பது அவளுக்கும் அந்தச் சுவருக்கும் மட்டும் தெரியும். ஒரு தீபாவளிக்குத் தாத்தா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டிவந்தார். "ஆறு மாசக் காச அழிக்கவா வந்தே?" என்று அந்த ஆளைக் கரண்டியோடு தெருமுனைவரை துரத்தியிருக்கிறாள். அன்றைக்குத்தான் வாடிக்கையாளர்கள் பலர் அவளை முதன்முதலாகப் பார்த்தார்களாம்.

1955-இல் மத்திய சேம நிதி வந்தது. சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் மசே நிதி. சமையலுக்கு உதவியாக இருந்த பையனுக்கும், எச்சில் இலை எடுத்தவருக்கும் பிடித்தம் உண்டு. அப்பாயி சம்பளம் வாங்கியதில்லை. ஆகவே பிடிக்க ஒன்றுமில்லை.

மீன் தலைக் கறி பிரபலமானபோது அவளுக்கு நம்பமுடியவில்லை. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் தொடங்கிவைத்தது என்பார்கள். சீன வாடிக்கையாளர்களுக்குத் தலை பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க ஊர்ல கடைசியாத் திங்கிறவளுக்குத்தான் தலை. இங்க தலைக்கே மொத வெலையா?" என்றாள் அப்பாயி. சொல்லிவிட்டு, புளியைக் கூட்டி, வெண்டைக்காயைப் போட்டு ஒரு சட்டி இறக்கினாள். அந்தச் சட்டியில்தான் என் அப்பாவும் சின்னப்பாவும் படித்தார்கள். அத்தைகள் படிக்கவில்லை, வெண்டைக்காய் நறுக்க ஆள் வேண்டியிருந்தது.

1982-இல் தேக்காவின் பழைய சந்தை எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. சூஜியாவ் நிலையம் என்று புதுப் பெயர். அப்பாயி அந்தப் பெயரை ஒருநாளும் வாயில் நுழைத்துக்கொள்ளவில்லை. தேக்கா என்றே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். 2000-இல் அரசாங்கமும் அவள் வழிக்கு வந்து பலகையைத் தேக்கா என்று மாற்றியது.

இப்போது கடையில் குளிர்சாதனம், கியூஆர் கோடு, பேரங்காடி ஒன்றில் கிளை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எங்களுடையது உணவங்காடிக் கடையே அல்ல. ஆனாலும் அந்த மாதமே மெனுவில் 'மரபு' என்ற சொல் ஏறியது, கூடவே விலையும்.

அப்பாயிக்கு அளவு பால் டின். மிளகாயை முகர்ந்து பார்த்து ஒருநாள் இரண்டு டின், மறுநாள் ஒன்றரை என்று போடுவாள். மழை பெய்தால் மிளகு கூடும். அத்தை சொல்லச் சொல்ல, சின்னப்பா மகன் அதைக் கிராமில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு அடுப்படியில் ஒட்டிவிட்டான். அத்தை சொன்ன நாள் வெயிலா மழையா என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அப்பாயியே இன்று திரும்பி வந்தாலும் உணவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்காமல் அந்த அடுப்பை நெருங்க முடியாது. வெற்றிலையை வாசலிலேயே துப்பச் சொல்லிவிடுவார்கள்.

2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் கொண்டுவரலாம். மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பது விதி. சின்னப்பா அந்தத் தொகையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சமையலுக்கா இவ்வளவு?" என்றார், அப்பாயி படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

வந்த தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம். முதல் நாளே குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "அண்ணே, சோம்பு பத்தல. மெளகும் ஏறல" என்றான். சின்னப்பா மகன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். "பாட்டி ரெசிப்பி. ஒரு கிராம்கூட மாத்தக் கூடாது."

"சரிண்ணே."

போன வாரம் நல்ல மழை. சின்னப்பா மகன் கிளையில் இருந்தான். நான் சாப்பிடப் போனபோது மணி இரண்டுகூட ஆகவில்லை, மீன் குழம்பு தீர்ந்துவிட்டது என்றார்கள். அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். தராசு மூடிக் கிடந்தது. தம்பி என்னைப் பார்த்ததும் மிளகு டப்பாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அந்தத் தாள்ல உள்ளபடிதாண்ணே செஞ்சேன்" என்றான்.