நூற்றுக்கு எத்தனை?

எங்கள் வீட்டில் ஆசிட் என்றால் ஒன்றுதான். குளியலறை மூலையில், பிள்ளைகள் தொடக்கூடாது என்ற தடையுத்தரவின் கீழ் 20 வருடமாக நிற்கிற பாட்டில். அதனால், சென்னையிலிருந்து லீவுக்கு வந்த மகள், "அப்பா, உங்க முகத்துக்கு ஒரு ஆசிட் வாங்கணும்" என்றதும் அடுக்களையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

நான் பதறவில்லை. மதுரையில் 26 வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். "எந்த ஆசிட்?" என்று கெத்தாகக் கேட்டேன். அந்தக் கெத்துதான் பிறகு கன்னத்தில் எரிந்தது.

விஷயம் எளிது. தோலின் மேல்பக்கம் இறந்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இளமையில் ஏறக்குறைய 28 நாளில் பழையது உதிர்ந்து புதியது மேலே வரும். வயதாக ஆக, சம்பள அரியர்ஸ் மாதிரி இழுத்தடிக்கும். மதுரைக்காரனுக்கு இதை விளங்க வைக்க ஒரு சுவர் போதும். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் போஸ்டர் ஒட்டிய சுவர். பீர்க்கங்காய் நாரும் பரபர ஸ்க்ரப்பும் அதைச் சுரண்டி எடுக்கிற ரகம். சில சமயம் சுண்ணாம்பும் சேர்ந்து பெயரும். அமிலம் பசையைத் தளர்த்திவிடும். தாள் தானாகக் கழன்றுகொள்ளும்.

மகள் ஊருக்குப் போனாள். நான் கடைக்குப் போனேன். அலமாரியில் 2%, 5%, 10% என்று புட்டிகள் வரிசையாக நின்றன. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தே பிழைப்பு நடத்தியவன் நான். 2 மார்க் எடுத்தவனை என்றைக்கு முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்? 10% கிளைகாலிக் அமிலத்தை வாங்கினேன். கரும்பிலும் இருக்கிற அமிலம் என்பதால், பொங்கலுக்குக் கரும்பு கடித்த உரிமையில் தினமும் ராத்திரி தாராளமாகத் தடவினேன். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏப்ரல் வெயிலில் விடைத்தாள் திருத்தப் போனேன்.

நெற்றியும் மூக்கும் தாங்கின. ஐந்தாம் நாள் கன்னங்கள் இரண்டும் திகுதிகுவென்று எரிந்தன. "என்ன சார், சிவப்பு மை மூஞ்சியில கொட்டிருச்சா?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலி இயற்பியல்.

தோல் டாக்டர் பார்த்தார். "உங்க தோல் என்ன வகைன்னு பாத்தீங்களா சார்?" என்றார். கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதின பையனிடம் நான் பேசுகிற அதே குரல். இரண்டு வாரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டும் தடவச் சொன்னார். நம் நிறத்துக்கு, எரிச்சல் அடங்கிய பிறகுதான் அசல் தொல்லை: புண்பட்ட இடம் கருத்து மாதக்கணக்கில் நிற்கும்.

தோல் வகை பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். முகத்தைக் கழுவி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு மெல்லிய தாளால், பஜ்ஜியை ஒற்றுவதுபோல் ஒற்ற வேண்டும். முகம் முழுக்க எண்ணெய் என்றால் எண்ணெய்ப்பசைத் தோல். தாள் காய்ந்து, முகம் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். எனக்கு மூக்கும் நெற்றியும் பஜ்ஜி, கன்னம் அப்பளம். இதற்குக் கலவைத் தோல் என்று பெயர். நான் அப்பளத்தில் போய் அமிலத்தை ஊற்றியிருக்கிறேன்.

எண்ணெய் வழிகிறவர்கள், பருவும் கரும்புள்ளியும் உள்ளவர்கள் சாலிசிலிக் அமிலம் பக்கம் போகலாம். அது எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் நுழைந்து வேலை செய்யும். முகத்துக்கு 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கப்பா கால் ஆணிக்கு ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரியில் இருந்ததும் இதே அமிலம்தான், 40 சதவீதம். 2 முகத்துக்கு, 40 பாதத்துக்கு. மார்க் கூடினால் பையன் மேலே போவான். இங்கே காலுக்குப் போய்விடுகிறான்.

வறண்ட தோலுக்கும் வெயிலில் மங்கின தோலுக்கும் நீரில் கரையும் அமிலங்கள். இவற்றில் கிளைகாலிக்கின் மூலக்கூறு எடை 76, லாக்டிக் 90, மாண்டலிக் 152. கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒல்லிப் பையன்தான் முதலில் உள்ளே புகுவான். கிளைகாலிக் அந்த ரகம். மாண்டலிக் படியிலேயே நின்று நிதானமாக ஏறும். எதைத் தொட்டாலும் எரிகிற தோலுக்கு அந்த நிதானம்தான் நல்லது.

"லாக்டிக்னா தயிர்ல இருக்கிறதுதானே? தயிரையே பூசிக்கங்க" என்றாள் மனைவி. தயிரில் அது கொஞ்சம்தான்; பூசினால் குளுமை, மற்றபடி பெரிய வேலை நடக்காது. எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்ப்பதுதான் ஆபத்து. அதன் பி.எச். ஏறக்குறைய 2. தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கறையும்கூட வரலாம். வீட்டுப் பொருள் என்றால் சாது என்று அர்த்தமில்லை.

இப்போது 5% லாக்டிக். முதலில் முன்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் காத்திருந்தேன். பிறகு வாரத்துக்கு இரண்டே ராத்திரி. காலையில் சன்ஸ்கிரீன் பூசாமல் ஸ்கூட்டர் சாவியைத் தொடுவதில்லை. இந்த அமிலங்கள் தோலை வெயிலுக்குச் சுருக்கென்று சுட வைக்கும் என்று மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

இரண்டு மாதமாயிற்று. கன்னம் சொரசொரப்பு போய்க் கொஞ்சம் வழவழவென்று இருக்கிறது. மகளுக்கு வீடியோ காலில் தெரிகிறதாம். மனைவி மட்டும் அந்தப் புட்டியைக் குளியலறையில் வைக்க விடுவதில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு ஆசிட் இருக்கிறது. காலையில் கண்ணாடி போடாமல் எழுந்து போகிற ஆள் நான்.