ஒரு சதுர மைலைக் கண்டுபிடித்த கொலம்பஸ்

பூகோளப் பேராசிரியர்கள் பொதுவாகச் சாதுக்கள். ஆறு எங்கே பிறக்கிறது, கோதுமை எங்கே விளைகிறது என்று கரும்பலகையில் கோடு கிழித்துவிட்டு, மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று, கல்லூரி மேடைகளில் ஏறும் தீவிரப் பேச்சாளர்கள் என்று 65 பேரின் பட்டியல் போட்டது. அதில் ஒரு பூகோளக்காரரும் இருந்தார் என்றால், அந்த ஆள் லேசுப்பட்டவராக இருந்திருக்க முடியாது.

இருக்கவில்லை. பெயர் வில்லியம் பங்கி. கூட்டாளிகள் வைத்த பெயர் 'வைல்டு பில்'. 1928இல் விஸ்கான்சினில் பிறந்தார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவம் இவரைப் பிடித்துக்கொண்டு போய், அணு ஆயுதப் போர் பற்றிச் சிப்பாய்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னது. ராணுவம் செய்த அந்தத் தப்புக்குப் பின்னால் வட்டியோடு பதில் வந்தது. அதை அப்புறம் பார்ப்போம்.

விஸ்கான்சினில் இவருக்குப் பாடம் எடுத்தவர் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன். அமெரிக்க பூகோளத்தின் போப்பாண்டவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரும் தனி ரகம், எல்லாவற்றுக்கும் பொதுவாக விதி கிதி என்று தேடாதே என்பது அவர் கட்சி. பங்கிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. விதி இல்லாவிட்டால் அது என்ன விஞ்ஞானம்? சியாட்டிலில் கணக்கும் கம்ப்யூட்டருமாகத் திரிந்த இளவட்டக் கோஷ்டியோடு போய்ச் சேர்ந்து, 1960இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1962இல் 'தியரெட்டிக்கல் ஜியாகிரபி' என்ற புத்தகம் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் அச்சாகி வந்தது. வட்டம், அறுகோணம், வடிவியல், தூரம். மனுஷர்கள் மட்டும் புள்ளிகளாகத்தான் வருவார்கள். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அதனாலேயே எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பங்கி பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

நிறுத்தவில்லை. அதே ஆண்டு டெட்ராய்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குடியேறிய இடம் ஃபிட்ஸ்ஜெரால்டு. வடமேற்கு டெட்ராய்டில் ஒரு சதுர மைல் பேட்டை. கறுப்பினக் குடும்பங்கள் வர வர, வெள்ளைக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். 1967 ஜூலையில் நகரமே பற்றி எரிந்தது; 43 பேர் செத்தார்கள். அறுகோணத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

அப்போது பங்கிக்கு உதித்த யோசனை கொஞ்சம் கிறுக்குத்தனமானது. பூகோளத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் இருந்த பெருமையெல்லாம், தலையில் தொப்பியும் கையில் தொலைநோக்கியுமாகக் கப்பலேறிப் போய், ஏற்கெனவே ஜனங்கள் இருக்கிற ஊரை 'கண்டுபிடிப்பது'தான். அதே மாதிரி ஒரு பயணத்தை, கப்பல் இல்லாமல், சொந்தத் தெருவுக்கே நடத்தினால் என்ன? வழிகாட்டியாக உள்ளூர் ஆளை வைத்துக்கொள்வதற்குப் பதில், உள்ளூர் ஆளே தளபதி; பேராசிரியர் மூட்டை தூக்கட்டும். 1968இல் 'டெட்ராய்ட் ஜியாகிரபிக்கல் எக்ஸ்பெடிஷன்' பிறந்தது. அதன் இயக்குநர் குவெண்டலின் வாரன். பதின்வயதைக்கூடத் தாண்டாத கறுப்பினப் பெண். இந்த வெள்ளைக்கார வாத்தியார் மேல் அவருக்கு ஆரம்பத்தில் துளி நம்பிக்கை இல்லை. அதுவும் நியாயம்தான்: பேட்டையை ஆராய வந்தவர்களை அங்கே இருந்த ஜனங்கள் நிறையப் பார்த்திருந்தார்கள், திரும்பி வந்து எதையாவது கொடுத்தவர்களை அல்ல. சும்மா ஆராயவிட மாட்டோம், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்றார்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தயவில் கொஞ்ச காலம் காசில்லாமல் கல்லூரிப் பாடம் நடந்தது. பள்ளி நிர்வாகத்தை வட்டாரங்களாகப் பிரிக்கச் சட்டம் வந்தபோது, எல்லைகளை எப்படிப் போட்டால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்லது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். சியாட்டில் கணக்கு முதல் தடவையாகத் தெருவில் உதவியது.

இந்தக் கோஷ்டி போட்ட வரைபடங்களின் தலைப்பைப் படித்தாலே டீன்களுக்கு வியர்த்திருக்கும். 'எலி கடித்த குழந்தைகளின் வட்டாரம்' என்று ஒன்று. சேரியிலிருந்து புறநகருக்குப் பணம் எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போட்டு ஒன்று. நகரத்தையே மூன்றாகப் பிரித்து, நடுவில் இருப்பது சாவு நகரம், அதைச் சுற்றித் தேவை நகரம், வெளியே மிதமிஞ்சிய நகரம் என்று பெயர் வைத்தார் பங்கி.

எல்லாவற்றிலும் உச்சம், கார் ஓட்டிகள் கறுப்பினக் குழந்தைகள் மேல் வண்டி ஏற்றும் இடங்கள் என்று பச்சையாகத் தலைப்பிட்ட படம். குரோஸ் பாயிண்ட் என்கிற பணக்காரப் புறநகரிலிருந்து டவுனுக்குப் போகிற சாலைகள். மாலையானால் வீட்டுக்கு ஓடுகிற அவசரம். நடுவில் கறுப்பினப் பேட்டைகள், தெருவில் பிள்ளைகள். கறுப்பு வெள்ளைப் படம், அதில் சில புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் புள்ளி வைப்பது சாமானியமாக இல்லை. எந்தப் பிள்ளை, எங்கே, எத்தனை மணிக்கு, யார் ஏற்றினார்கள் என்ற விவரம் போலீஸிடம் இருந்தது, கேட்டால் தரவில்லை. அரசியல் செல்வாக்குள்ளவர்களைப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்று வாரனே எழுதியிருக்கிறார். வேறு யாராவது போட்டிருந்தால் 'சாலை விபத்துப் பரவல், 1968' என்று தலைப்பு வைத்து அலமாரியில் பத்திரமாகத் தூங்க வைத்திருப்பார்கள். ஏற்றினது யார், செத்தது யார் என்று தலைப்பிலேயே சொன்னதுதான் குற்றம்.

வேய்ன் ஸ்டேட் வேலை போயிற்று. வகுப்பில் கெட்ட வார்த்தை பேசினார் என்று ஒரு பேச்சு. இருக்கலாம், மனுஷர் வாய்க்குப் பூட்டே கிடையாது, சிநேகிதர்களையும் விட்டுவைத்ததில்லை. அணுகுண்டு பற்றிப் பாடம் எடுத்தபோது யாருக்கும் காது கூசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகுதான் அந்த 65 பேர் பட்டியல். எல்லை தாண்டிக் கனடா போனார். ஒன்றிரண்டு பல்கலைக்கழகங்கள் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டன. பிறகு அதுவும் இல்லை. டொராண்டோவில் டாக்ஸி ஓட்டினார். நகர பூகோளத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் எது? மீட்டர் போட்டு, ஊரைச் சுற்றி, காசும் கிடைக்கிறது. துறைத் தலைவர் தொல்லை இல்லை. இதற்கிடையில் 1971இல் 'ஃபிட்ஸ்ஜெரால்டு' புத்தகம் வந்தது. ஒரே ஒரு சதுர மைலுக்கு ஒரு முழுப் புத்தகம். டொராண்டோவின் கிறிஸ்டி பிட்ஸ் பேட்டையையும் விடவில்லை. அது 1975இல் புத்தகமானது.

ராணுவத்துக்கான வட்டி 1988இல் போய்ச் சேர்ந்தது. 'நியூக்ளியர் வார் அட்லஸ்'. குண்டு விழுந்தால் என்ன மிஞ்சும் என்று சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆள், இப்போது ஊருக்கே படம் போட்டுக் காட்டினார்.

2013இல் கியூபெக்கில் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு 'ஃபிட்ஸ்ஜெரால்டு' மறுபதிப்பு வந்திருந்தது, அதுவும் ஒரு பல்கலைக்கழக அச்சகத்திலிருந்தே. இன்று அந்தக் குழந்தைகள் படத்தைக் காட்டாத நகர பூகோள வகுப்பு குறைவு. யார் போட்டது என்று மாணவர்கள் கேட்டால் பாதிப் பேராசிரியர்கள் தயங்காமல் 'பங்கி' என்கிறார்கள். வாரனும் அவரோடு படித்த பிள்ளைகளும் போட்ட படம் அது.