கிளிமஞ்சாரோ: ஏறும் முன் சில கேள்விகள்

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் தனியாக ஏற முடியாதா?

பதில்: முடியாது. 1991 முதல் வழிகாட்டி கட்டாயம். தான்சானியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லாவிட்டாலும் அவரோடு போங்கள் என்றுதான் சொல்வேன். ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் 1889-இல் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். அவர்களுக்கும் வழி காட்டவும் சுமை தூக்கவும் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள்.

கேள்வி: ஐந்து நாளா, எட்டு நாளா? செலவு இடிக்கிறதே!

பதில்: எட்டு. பணம் போதவில்லையா, ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதற்கு உடம்பு பழக வேண்டும். லெமோஷோ, மச்சாமே வழிகளில் பகலில் லாவா டவர் வரை, சுமார் 4,600 மீட்டர் ஏற்றி, இரவுத் தூக்கத்துக்கு 4,000 மீட்டரை ஒட்டிய பாரங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். ‘ஏறினதை ஏன் இறங்கணும்?’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் உச்சிக்கு ஏறும் இரவில் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். எனக்குமா உயர நோய் வரும்?

பதில்: வரலாம். ஓட்டக்காரர் வேகமாக ஏறிவிடுவார், அதுதான் ஆபத்து. தலைவலி, குமட்டல் என்றால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இறங்குவது ஒன்றுதான் வைத்தியம், நடுராத்திரியானாலும் சரி. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தேசியப் பூங்காக் கட்டணம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். அப்புறம் எங்கே குறைப்பார்கள்? சுமை தூக்குபவரின் கூலியிலும் சாப்பாட்டிலும்தான். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது விதி. பூங்கா வாசலில் மூட்டையைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள். பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: நாள் கூலி எவ்வளவு, எத்தனை வேளை சாப்பாடு, ராத்திரி எங்கே படுப்பார்கள், காலில் நல்ல ஷூ உண்டா? மழுப்பினால் வேறு கம்பெனி பாருங்கள். கடைசி நாள் அன்பளிப்பை மொத்தமாக ஒருவர் கையில் திணிக்காதீர்கள். எல்லோர் முன்னாலும் யாருக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஜனவரி, பிப்ரவரி. இல்லையென்றால் ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை. ஏப்ரல், மே மழை கொட்டும்.

கேள்வி: உச்சிக்கு ஏறும் இரவுக்கு முக்கியமாக என்ன வேண்டும்?

பதில்: பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவீர்கள், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி கூடப் போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலே இருக்கும் தண்ணீர்தான் முதலில் உறையும். மூடிப் பக்கம் அடியில் இருந்தால் குடிக்கத் தண்ணீர் வரும். போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி செத்துவிடும். விரல் பிரியாத தடித்த கையுறை அவசியம். மலையடிவாரத்து மோஷி ஊரில் வாடகைக்கே கிடைக்கும்.

கேள்வி: உச்சிக்குச் சற்று முன்னால் உள்ள ஸ்டெல்லா முனையிலேயே வழிகாட்டி ‘போதும், திரும்பு’ என்றால்?

பதில்: திரும்புங்கள். அது 5,756 மீட்டர். அதுவரை ஏறியவருக்கும் பூங்கா சான்றிதழ் தருகிறது.