தாழ்சுருதிக் கம்பியும் அதன் அழுக்கும்: பேஸ் கிதார், பெடல் தெரிவு குறித்த ஓர் ஆய்வு முன்னோட்டம்

பாயிரம்

நல்ல ஒலி வேண்டுவோர் எந்த பேஸ் கிதாரை வாங்க வேண்டும், அதனோடு எந்தெந்தப் பெடலைக் கோக்க வேண்டும் என்பது பற்றி முறையான ஆய்வு நிகழவில்லையே என்பது இத்துறை அறிஞர்களின் நெடுநாள் கவலை. அறிஞர்கள் என்று இங்கே சுட்டப்படுவோர், இசைக்கருவிக் கடையில் மாலை முழுதும் உட்கார்ந்து, எல்லாக் கருவியையும் வாசித்துப் பார்த்து, ஒரு பிளெக்ட்ரம் மட்டும் வாங்கிச் செல்வோர். அவர்கள் அறிவைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை நான்கு கம்பி. ஐந்து கம்பியார், ஆறு கம்பியார் தனி நூல் செய்துகொள்க.

இயல் 1: கேளாமை

பேஸ் கிதாரின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் நொடிக்கு 41 முறை அதிரும். இந்த ஒலியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய முதற்செய்தி, அது பெரும்பாலும் கேட்பதில்லை என்பதே. ஒலியளவு குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை மற்றவற்றைக் காட்டிலும் விரைவாகக் கைவிடுகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டனர். கைப்பேசியின் ஒலிபெருக்கியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். இருந்தும், கைப்பேசியில் இளையராஜா பாட்டைப் போட்டு, “சசிதரனோட பேஸைக் கேளுங்க சார்” என்பவர் பொய் சொல்லவில்லை. 82, 124, 165 எனப் படிப்படியாக ஏறிச் செல்லும் மேல்சுரங்களில் கைப்பேசிக்கு எட்டியவற்றைக் கேட்டு, வராத அடிச்சுரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, காசு கொடுப்பது கருவிக்கு. வேலை செய்வது கேட்பவர் மூளை. மூளை செய்த வேலைக்காக விலையில் தள்ளுபடி கோர முடியாது (கடைக்காரர், வாய்மொழி, கல்லாவுக்கு அருகில்).

இயல் 2: தொன்மை

லியோ ஃபெண்டர் 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பிரிசிஷன் பேஸை வெளியிட்டதிலிருந்து வரலாறு தொடங்குகிறது என்பது ஒரு சாரார் கொள்கை. அற்றன்று, என்னை? 1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில், கிதார்போல் கிடையாகப் பிடித்து வாசிக்கத்தக்க, ஃபிரெட் வைத்த மின்பேஸைச் செய்துவிட்டார் ஆதலின். அதற்கும் நெடுங்காலம் முன்பே 21 நரம்புப் பேரியாழ் நம்மிடம் இருந்தமையால் பேஸ் கிதார் தமிழருடையதே என நிறுவும் கட்டுரை இன்னும் வராதது வியப்புக்குரியது. வந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கில்தான் வாசிக்கப்படும். (பன்னாட்டுக் கருத்தரங்காவது, கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருக்கும் உள்ளூர்க் கருத்தரங்கு. அவர் உறவினர் கல்யாணத்துக்கு வந்தவராயினும் இழுக்கில்லை.) பதிவுக் கட்டணம் செலுத்தப்பட்ட கட்டுரைகள் மட்டும் தரமானவை என்பதைத் தேர்வுக் குழு ஒருமனதாகக் கண்டறிந்து, ஐஎஸ்பிஎன் எண்ணோடு தலையணைப் பருமனில் தொகுதி வெளியிடும். அத்தகைய தொகுதியொன்றை ஆம்பிளிஃபயருக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். தரை அதிர்வது கணிசமாகக் குறைந்தது. அந்நூல் எவருக்கும் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்வு இது.

இயல் 3: வகை

பிரிசிஷன் பேஸ் ஒரே குரலுடையது. 1957 முதல் அதன் பிக்கப் இரண்டு துண்டாகப் பிளந்து வைக்கப்பட்டிருக்கும். இரைச்சல் அதனால் அடங்கும். வாங்கியவர் வாசிப்பதைத் தவிர அதை வைத்துக்கொண்டு செய்யத்தக்கது எதுவுமில்லை. ஆய்வாளருக்கு உகந்ததன்று.

ஜாஸ் பேஸ் 1960-ல் வந்தது. மெலிந்த கழுத்து, இரண்டு பிக்கப், இரண்டுக்கும் தனித்தனி ஒலிக் குமிழ். குமிழ்களை இப்படியும் அப்படியும் திருப்பி ஆயுளில் பாதியைச் செலவிடலாம். முடிவில் எல்லோரும் இரண்டையும் முழுதாகத் திறந்து வைப்பர். அப்போதுதான் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

ஹோஃப்னர் வயலின் பேஸை 1961-ல் ஹாம்பர்கில் பால் மெக்கார்ட்னி வாங்கினார். விலை கைக்கு அடக்கம். இருபுறமும் ஒத்த வடிவம் ஆதலால் இடக்கைக்காரர் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. இவை அவர் சொன்ன காரணங்கள். கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கும் அளவைகளுக்கு மேல் இதில் எதுவும் இல்லை என்பதை ஒலி அறிஞர்கள் உரையாசிரியர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு கடந்து செல்கின்றனர்.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே (1976) தனக்குள்ளேயே முன்பெருக்கியும், அதற்கு 9 வோல்ட் பேட்டரியும் கொண்டது. கச்சேரி நடுவில் பேஸ் செத்துப்போகும் வாய்ப்பை விலைக்கு வாங்கலாம் என்ற நிலை இதனால் பரவலாயிற்று.

ரிக்கன்பேக்கர்: ஆம்.

நிறம்: கறுப்பு.

இயல் 4: மரம்

உருக்குக் கம்பி காந்தப்புலத்தில் அசைவதால் சுருளில் மின்சாரம் எழும். காந்தத்துக்கு மரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரியாவிட்டால் என்ன, நமக்குத் தெரியும் என்பது மரவியலார் நிலைப்பாடு. ஆல்டர் வெதுவெதுப்பானது, ஆஷ் துலக்கமானது, மேப்பிள் சுறுசுறுப்பானது என்று அவர்கள் பகுத்துள்ளனர். கண்ணை மூடிக்கொண்டே வேறுபாட்டைச் சொல்லிவிடுவேன் என்பார் இவர்களில் ஒருவர். கண்ணைக் கட்டத் துணியைக் கொண்டுவந்தால் டீ குடிக்கப் போயிருப்பார். 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முழுமைபெற்ற இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கிடைத்தது. இடைக்காலத்தில் சில நிறுவனங்கள் பாவ் ஃபெரோ என்ற வேறொரு மரத்தை விரற்பலகையாக ஒட்டின. அந்தக் கருவிகளில் உயிர் இல்லை என்ற குறை, அட்டையில் மரத்தின் பெயரைப் படித்து முடித்த உடனேயே கேட்கத் தொடங்கியது (அண்டை வீட்டார், சுவர்வழித் தகவல், இரவு பதினொன்றேகால். இவர் கூறியது மரம் பற்றியா, நேரம் பற்றியா என்பதில் பாட வேறுபாடு உண்டு).

இயல் 5: பெடற்புணர்ச்சி

பெடல் என்பது காலால் மிதிப்பதற்கென்று செய்யப்பட்டு, கும்பிட்ட கையால் வாங்கப்படும் சிறு உலோகப் பெட்டி. தனிப்பெடல் இலக்கணம் எளிது. இரண்டு பெடல் சேரும்போதுதான் நன்னூலார் வேண்டியிருக்கிறது. நிலைப்பெடலும் வருபெடலும் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று.

ஒரே அடாப்டரின் கம்பியை ஐந்தாகப் பிரித்து ஐந்து பெடலுக்கும் கொடுத்தால் முன்பு இல்லாத இரைச்சல் வரும். இது தோன்றல். ஆக்டேவ் பெடலுக்கு முன்னால் ஃபஸ் பெடலை வைத்தால், எது சுரம் எது கரகரப்பு என்று விளங்காமல் ஆக்டேவ் உளறும். இது திரிதல். கிதாருக்கென்று செய்த ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ்கள் ஒலியை உடைப்பதற்கு முன்பே தாழ்சுரங்களை வடிகட்டிவிடும். அதை பேஸில் மாட்டினால் பேஸைத் தவிர மற்றதெல்லாம் வரும். இது கெடுதல். கெடுதலைப் போக்க, பேஸுக்கென்று செய்யும் பெடல்களில் ‘பிளெண்ட்’ என்றொரு குமிழ் வைக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பெடல் தன் வேலையை எந்த அளவுக்குச் செய்யாமலிருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் குமிழ் அது. விலை கூடிய பெடல்களில் தவறாமல் இருக்கும்.

கம்ப்ரஸர் ஒழுங்காக வேலை செய்தால் இருப்பதே தெரியாது. தெரிந்தால் தவறாக வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். இப்படியொரு பண்டத்தை விற்கத் தெரிந்த கடைக்காரருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தராத பல்கலைக்கழகங்கள், அதை வேறு யாருக்கெல்லாம் தந்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஃபஸ் பிறந்த கதை எல்லா ஆய்வாளரும் மனப்பாடமாகச் சொல்வது. நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டுக்குக் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தபோது, கலவைப் பலகையில் ஒரு தடம் பழுதாகி ஒலி உடைந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் பாட்டு வெளியாகி வெற்றி பெற்றது. எல்லோருக்கும் அந்தக் கரகரப்பு வேண்டியிருந்தது. பழுதான தடமோ முற்றாகச் செத்துப்போனது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து சுற்றாக வரைந்தார். கிப்சன் நிறுவனம் 1962-ல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. ஆக, கடைகளில் பரவலாக விற்ற முதல் ஃபஸ் பெடல், கெட்டுப்போன கருவியின் குரலைக் கெடாத கருவியில் வரவழைக்கச் செய்தது. அதுவும் கெட்டுப்போனால் ரிப்பேர் கடையில் என்ன சொல்லிக் கொடுப்பது என்பது இன்றளவும் தீராத சிக்கல்.

இயல் 6: அழுக்கு

இனி, இத்துறையின் உயிர்நிலைக்கு வருவோம். மேலே சொன்ன அனைத்தும் இதற்குத் தோரணவாயில்.

டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்திருந்தார். அதில் லா பெல்லா தட்டைக்கம்பி. அறுந்தாலொழியக் கம்பியை மாற்றமாட்டார். அழுக்கில்தான் சங்கதி இருக்கிறது என்பது அவர் கொள்கை என்று வழங்கிவருகிறது. பெடல் கிடையாது, கிதாரை நேரே பதிவுப் பலகையில் செருகிவிடுவார்கள். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றையே கொண்டு வாசிப்பார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். விரல் பற்றிய ஆய்வு நூல்கள் மிக அருகியே உள்ளன, விரலை அட்டைப்பெட்டியில் போட்டு விற்க இயலாமையின். இக்கட்டுரையும் மரபை மீறாமல் விரலை இத்துடன் விட்டு அழுக்குக்குத் திரும்புகிறது.

(இடைப்பிறவரல்: இத்தனை பாட்டுக்கு வாசித்தவரின் பெயரை மோடவுன் 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு உறையில்தான் அச்சிட்டது. மாணவர் செய்த வேலை நெறியாளர் பெயரில் வெளிவரும் வழக்கம் நம் துறைகளுக்கு மட்டும் உரியதென எண்ணுவோர் ஆறுதல் பெறுக.)

கம்பியழுக்கு இருவகைத்து: விரல்வழி வந்தது, வளிவழி வந்தது. வளிவழி வந்தது தூசு, விட்டுவிடலாம். விரல்வழி வந்தது வியர்வை, தோலெண்ணெய், பஜ்ஜியெண்ணெய் என மூன்றாகும். பஜ்ஜியெண்ணெய் வாழைக்காய், வெங்காயம், மிளகாய் என மேலும் மூன்றாய் விரியும். வாழைக்காய் நடுச்சுரங்களுக்கு உருட்சி தரும், வெங்காயம் கச்சேரி முடிந்தபின்னும் மேடையில் தங்கும், மிளகாய் வாசிப்பவர் கண்ணைத் துடைக்கும்வரை குறையற்றது (மேற்படி அண்டை வீட்டார், மேற்படி சுவர், திருத்தி விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, இம்முறை பூரிக்கட்டையுடன், மாமனாரின் அணிந்துரை சேர்க்கப்பட்டது).

அழுக்கு உண்மையில் என்ன செய்கிறது? உருண்டைச் சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் அடைந்து, அதிர்வை உறிஞ்சி, மேல்சுரங்களை முதலில் கொல்கிறது. கிணுகிணுப்புப் போய்த் தொம்மென்ற ஒலி நிற்கிறது. இந்த விளக்கம் எளிமையாகவும் சரியாகவும் இருப்பதால் ஆய்வுக்கு உதவாது.

இதற்கு நேரெதிர்க் கொள்கையினர் அழுக்குநீக்கியார். இவர்கள் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் வேகவைத்து, துடைத்து, மறுபடி மாட்டுவர். கிணுகிணுப்பு சில நாளுக்குத் திரும்பும். இது கட்டுக்கதையன்று, கம்பி வாங்கக் காசில்லாத பேஸ் வாசிப்போர் பல ஊர்களிலும் செய்துவந்தது. இவர்களை எதிர்த்து எழுந்த இலக்கியம் பரந்தது (வீட்டார், பாத்திரம் பற்றிய கண்டனவுரை, முதற்பாகம்; இரண்டாம் பாகம் மறுநாள் காலை, அதே பாத்திரத்தில் பால் காய்ச்சப்பட்டபோது; மூன்றாம் பாகம் தொலைபேசி வழியே அவர் தாயாருக்கு, ஒருபக்க உரையாடலாக, நம் காதில் விழுமாறு).

ஆனால் இரு கட்சியாரும் காணாத ஒன்றை இவ்வாய்வு கண்டது. கம்பி வெந்த நீருக்குள் அழுக்கு முழுவதும் இறங்கிவிட்டதன்றோ? எனில், ஒலியும் அந்த நீரில்தானே இருக்க வேண்டும்? அந்த நீரில் புதுக் கம்பியை ஓர் இரவு ஊறவைத்தால் பல்லாண்டுப் பழமை ஒரே இரவில் ஏறுமா? மிஞ்சும் நீரைப் புட்டியில் அடைத்து விற்றால் பெடல் தொழில் நிலைக்குமா? விடை காண ஒரு பாத்திரம் போதும். பாத்திரம் மறுக்கப்பட்டது. நிதிநல்கைக்கு விண்ணப்பித்துள்ளேன், செலவுத் திட்டத்தில் பாத்திரம் ஒன்று, வெளிநாட்டுக் களப்பயணம் மூன்று.

தடை: ஜேமர்சன் கட்டியிருந்தது தட்டைக்கம்பி. அதில் பட்டையான நாடா வழவழவென்று சுற்றப்பட்டிருப்பதால் அழுக்கு அடைய இடுக்கே அரிது. புதிதாக இருக்கும்போதே அது மேல்சுரம் குறைந்தது. எனவே அழுக்குக் கொள்கை அடியோடு விழுமே எனின்,

விடை: விழாது. (இதற்குச் சான்று பெயரறியா உரைகாரர் ஒருவர். அவர் உரை கிடைக்கவில்லை. அவரை மறுத்தவர் உரையும் கிடைக்கவில்லை. மறுத்தவரைப் புகழ்ந்த சாற்றுகவியின் கடைசி இரு சொற்கள் மட்டும் ஓர் ஆம்பிளிஃபயரின் பின்பலகையில் செல்லரித்த நிலையில் காணப்பட்டன. அவை ‘கேபிள் சரியில்லை’ என்பன. இவற்றை மூலத்தில் பாராமலே மேற்கோள் காட்டுவதுதான் இத்துறையின் ஒழுக்கம். நான் பார்த்துவிட்டதற்கு வருந்துகிறேன்.)

எஞ்சியிருப்பது மூலப்பிரதிச் சிக்கல். ஜேமர்சனின் அந்த பேஸ், 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு களவுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அதாவது, அழுக்கின் முதல்நூல் நம்மிடம் இல்லை. வழிநூலும் சார்புநூலுமே உலவுகின்றன. நம்பிக்கையை விட வேண்டியதில்லை: ஃபிரெட்கள் நீக்கப்பட்ட விரற்பலகையில் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசிய ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் திருட்டுப்போய், ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டது. ஜேமர்சனின் கருவியும் ஒருநாள் வெளிப்படலாம். அன்று மரத்தையோ பிக்கப்பையோ பார்த்துப் பொழுதை வீணாக்காமல் நேரே கம்பியை முகர்ந்து பார்க்க வேண்டும். எடுத்தவர் துப்புரவான மனிதராக இருந்து, போன கையோடு புதுக் கம்பி மாட்டித் துடைத்தும் வைத்திருந்தாராயின், அது களவினும் பெரிய குற்றம் என்று கொள்க.